வெட்டொன்று துண்டு ரெண்டு பேசும் மூத்தவர்

கேள்வி: ஜப்பானில், ஹிகாஷி ஒசாகாவின் சிறிய லேத் பட்டறை ஒன்றில் எட்டு மாதமாக வேலை செய்கிறேன். பக்கத்து மெஷின் மூத்தவர் என்னிடம் முழு வாக்கியம் பேசியதே இல்லை. ‘அகன்’ (‘கூடாது’), ‘ச்சாவு’, அவ்வளவுதான். இரண்டாவது சொல் நம் காதில் எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். கூட வேலை செய்பவர், “அவர் புக்கிராபோ, விடு” என்கிறார். சாயங்காலமானால் என் மேசையில் தீட்டிய ‘பைட்டோ’ (லேத்தின் வெட்டுளி) ஒன்றை வைத்துவிட்டுப் பேசாமல் போவார். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையா? வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்: விட வேண்டாம் தம்பி. அந்த நண்பர் எந்தச் சொல்லை எடுத்தார் என்று கவனியுங்கள்.

‘புக்கிராபோ’ என்பது சீவாமல், இழைக்காமல் வெட்டிப்போட்ட கட்டையிலிருந்து வந்த சொல் என்பார்கள். நம் ‘வெட்டொன்று துண்டு ரெண்டு’க்குப் பக்கத்து வீடு. பேச்சு கரடுமுரடு என்பதோடு அது நின்றுவிடும். “புக்கிராபோதான், ஆனால் நல்ல மனுஷர்” என்று அங்கே சகஜமாகச் சொல்வார்கள். வெறுப்போடு எரிந்து விழுபவருக்கு வேறு சொல் உண்டு: ‘ட்சுக்கென்டோன்’. அதற்குள் இருக்கும் ‘கென்டோன்’ பௌத்தத்திலிருந்து வந்தது. கஞ்சத்தனமும் பேராசையும் சேர்ந்தது. சமஸ்கிருத ‘மாத்ஸர்ய’த்துக்குச் சீனத்தில் வைத்த எழுத்து அதில் இருக்கிறது. நம் மாச்சரியமும் அங்கிருந்து வந்ததுதான். கொடுக்க மனம் வராதவரின் பேச்சு அது. உங்கள் மூத்தவரோ தினமும் உளி தீட்டிக் கொடுக்கிறார்!

‘ச்சாவு’ என்றால் ‘அது இல்லை’. ‘சிகாவு’ என்பது ஒசாகா வாயில் சுருங்கிவிட்டது. பெற்ற பிள்ளையிடமும் அப்படித்தான் சொல்வார்கள். பட்டறைகளில் ‘மித்தே ஒபொயேரோ’, அதாவது ‘பார்த்துக் கத்துக்கோ’ என்பது பழைய வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. மொழி புதிதான பிள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் என்ன?

ஆனால் அவரைப் பார்த்து நீங்களும் துண்டாகப் பேசிவிடாதீர்கள். ‘தெஸ்’, ‘மஸ்’ எல்லாம் நம் ‘ங்க’ மாதிரி; இளையவர் விட்டால் உறுத்தும்.

திட்டுவது, அவமானப்படுத்துவது, வேலை தராமல் ஒதுக்கிவைப்பது என்று போனால் அது வேறு கதை. ‘பவஹரா’ என்பார்கள். 2022 ஏப்ரல் முதல் சிறு நிறுவனங்களும் அதைத் தடுக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பது சட்டம். அரசுத் தொழிலாளர் அலுவலகங்களில் இலவச ஆலோசனை உண்டு, தயங்காமல் போங்கள்.

நாளைக் காலை அவரிடம், “கினோ நோ பைட்டோ, யொக்கு கிரெமஷ்தா. அரிகாத்தோ கொஸாய்மஸ்” என்று சொல்லுங்கள். நேற்றைய பைட்டோ நன்றாக வெட்டியது, நன்றி. பதிலுக்கு ‘ஓ’ என்ற ஒற்றை எழுத்து வரலாம். அதற்குப் பிறகு அவர் உங்கள் மெஷின் பக்கம் எத்தனை தடவை வந்து நிற்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.