பீடியைத் தொடாத அம்மாவுக்கு சிஓபிடி வருமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 58 வயது. கல்யாணமான நாளிலிருந்து விறகடுப்பில்தான் சமையல். பல வருடமாக இட்லி அவித்தும் விற்கிறார். கொஞ்ச காலமாகச் சளி, இருமல், நடந்தால் இளைப்பு. வீசிங் என்று ஊசி போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது மதுரையில் ஒரு டாக்டர் 'சிஓபிடி' என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். அது சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருவதுதானே? இன்ஹேலர் பழகினால் விடவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: சிஓபிடி என்பது மூச்சுக்குழாய்களில் அடைப்பு ஏற்பட்டு, மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி, சிகரெட்டைக் கையால் தொடாதவர்களுக்கும் அது வரும். இதை உலக மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்ததில் புனே ஆராய்ச்சியாளர் சந்தீப் சால்விக்குப் பெரிய பங்கு உண்டு. லண்டனைச் சேர்ந்த பீட்டர் பார்ன்ஸுடன் சேர்ந்து 2009-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை, சிஓபிடி நோயாளிகளில் 100-க்கு 25 முதல் 45 பேர் புகைபிடிக்காதவர்கள் என்று மதிப்பிட்டது. உலகில் புகைபிடிப்பவர்கள் சுமார் 100 கோடி. விறகு, சுள்ளி, வறட்டிப் புகைக்கு நடுவில் வாழ்பவர்கள் சுமார் 300 கோடி. அப்படியானால் இந்த நோய்க்கு உலகிலேயே பெரிய காரணம் அடுப்புப் புகையாகவே இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். பழைய காசநோய், வேலையிடத்துத் தூசி, நாள்பட்ட ஆஸ்துமா ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. அம்மாவுக்கு முன்பு எப்போதாவது காசநோய் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு இதில் ஆற்றாமை என்னவென்றால், பொம்பளைக்கு பீடிப் பழக்கம் இல்லை என்பதாலேயே பலருக்கு ஊதிப் பார்க்கும் சோதனையே நடப்பதில்லை. வருடக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாகப் போய்விடுகிறது.

அந்தச் சோதனையின் பெயர் ஸ்பைரோமெட்ரி. மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கச் சொல்லி, குழாயில் ஒரே மூச்சாகப் பலமாக ஊத வைப்பார்கள். "இன்னும், இன்னும், நிறுத்தாதீங்க" என்று பக்கத்தில் நின்று விரட்டுவார்கள். இனி காற்றே இல்லை என்கிற வரை ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். முதல் விநாடியில் வந்த காற்று, மொத்தமாக ஊதிய காற்றில் 70 சதவீதத்துக்கும் கீழே இருந்தால், மருந்துக்குப் பிறகும் அடைப்பு நிற்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஆஸ்துமாவில் இந்த அடைப்பு நன்றாக விலகும், சிஓபிடியில் முழுக்க விலகாது. அம்மாவுக்கு இது எடுத்தார்களா என்று சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவிலோ, தோப்பூர் அரசு நெஞ்சக மருத்துவமனையிலோ கேளுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருப்பதால், காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளிப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும்.

சரி, இன்ஹேலருக்கு வருவோம். அது போதை கிடையாது. நோய் நாள்பட்டது, அதனால் மருந்தும் நாள்பட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்குதான். நேராக நுரையீரலுக்குப் போவதால் அவ்வளவே போதும். அதனால் நான் கவலைப்படுவது பழக்கத்தைப் பற்றி இல்லை, தவறாக இழுப்பதைப் பற்றித்தான். அழுத்தும் பம்பு என்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். கை, மூச்சு ஒத்துவரவில்லையா, பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் ஸ்பேசர் குடுவை வாங்கிக்கொள்ளுங்கள். கேப்சூல் போட்டு உறிஞ்சும் வகை என்றால் நேர்மாறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். இழுத்த பிறகு கேப்சூலில் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் உடனே வாய் கொப்பளித்துத் துப்பணும். அடுத்த முறை டாக்டர் முன்னாலேயே ஒருமுறை இழுத்துக் காட்டட்டும்.

ஆனால் அடுப்பு மாறாமல் மருந்து மட்டும் மாறினால் பாதி வேலைதான். இந்த வயதில் கேஸுக்கு மாறி என்ன லாபம் என்று அம்மா கேட்பார். தென் சீனாவின் கிராமங்களில் ஒன்பது வருடம் பின்தொடர்ந்து 2014-ல் வெளியான ஆய்வில், விறகை விட்டு சாண எரிவாயுவுக்கு மாறி, சமையலறையில் காற்றோட்டமும் செய்தவர்களுக்கு நுரையீரல் திறன் குறையும் வேகம் மட்டுப்பட்டிருந்தது. போனது திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், அது பெரிய விஷயம். வியாபாரத்துக்கு கேஸ் கட்டுப்படியாகவில்லை என்றால், இட்லி அவிக்கும் அடுப்பையாவது திறந்த இடத்துக்குக் கொண்டுபோய், புகைபோக்கி வைத்து, விறகைக் காயவைத்து எரியுங்கள். இது கேஸுக்கு ஈடாகாது. வீட்டுச் சமையலை முதலில் கேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி இளைப்பும் கூடினால் அன்றைக்கே காட்டுங்கள். பேச்சு பாதியில் நின்று மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, கிறக்கமாக இருந்தாலோ, வீட்டில் நெபுலைசர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.