முற்பணம் கொடுத்த வீட்டுக்கு இன்னொருவர் கூடிய விலை சொன்னால்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 15 பேர்ச் காணியையும் அதிலுள்ள வீட்டையும் 1 கோடியே 80 இலட்சம் ரூபாவுக்குப் பேசி, 5 இலட்சம் முற்பணம் கொடுத்து, முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டில் உரிமையாளரின் கையொப்பமும் பெற்றிருக்கிறேன். இப்போது கனடாவிலிருந்து வந்த ஒருவர் 20 இலட்சம் கூட்டிக் கேட்பதாகவும், நானும் விலையை ஏற்ற வேண்டும் என்றும் தரகர் சொல்கிறார். வங்கிக் கடனை நம்பியிருக்கும் என்னால் அது இயலாது. பற்றுச்சீட்டைக் கொண்டு வீட்டை எனக்கே எழுதுவிக்கலாமா?

பதில்: எழுதுவிக்க முடியாது. காணி விற்பனை மட்டுமல்ல, பின்னர் விற்பதாகக் கொடுக்கும் வாக்குறுதியும்கூட எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையாகி இருக்கையில் கையொப்பமிடப்பட்டு, நொத்தாரிசினால் அத்தாட்சிப்படுத்தப்பட்டால்தான் செல்லுபடியாகும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு. பற்றுச்சீட்டில் ஒட்டிய முத்திரை பணம் கைமாறியதற்குச் சான்றாகுமே தவிர, வீட்டின் மீது உங்களுக்கு உரிமை எதையும் தராது.

ஆனால் அதே பிரிவு உங்கள் போட்டியாளருக்கும் பொருந்தும். அவர் வாயால் சொன்ன விலைக்கும் சட்டத்தில் மதிப்பில்லை. ஆகவே தொகையை ஏற்றிக்கொண்டு போவதைவிட, நொத்தாரிசிடம் முதலில் போய்ச் சேர்வதே உங்களுக்கு உகந்தது என்பது என் கருத்து. நொத்தாரிசு முன்னிலையில் விற்பனை உடன்படிக்கை ஒன்றை எழுதி, அன்றோ மறுநாளோ காணிப் பதிவகத்தில் பதிவு செய்துவிடுங்கள். 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 93 ஆம் பிரிவின்படி, இவ்வாறு முன்கூட்டியே பதிவான உடன்படிக்கை இருப்பதை அறிந்துகொண்டே அந்தக் காணியை வாங்குபவர், அந்த உடன்படிக்கையை நிறைவேற்றத் தேவையான அளவுக்கு அதை உங்கள் நலனுக்காகவே வைத்திருப்பவராகக் கருதப்படுவார். வில்லங்கம் தேடும் எந்த நொத்தாரிசின் கண்ணிலும் அந்தப் பதிவு படும் என்பதால், கூடிய விலை சொன்னவர் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுவார்.

உடன்படிக்கையின் வாசகத்தில் மிகுந்த கவனம் வேண்டும். வழக்கமாகத் தட்டச்சில் இருக்கும் படிவங்கள் பலவற்றில், விற்பவர் தவறினால் முற்பணத்தைத் திருப்பித் தந்து, அதற்கு மேல் ஒரு தொகையை நட்டஈடாகச் செலுத்துவார் என்ற வரி காணப்படும். அதை அப்படியே விட்டால், உதாரணமாக 2 இலட்சம் நட்டஈட்டைக் கொடுத்துவிட்டு 20 இலட்சம் இலாபத்தோடு விலகிக்கொள்ளும் உரிமை தமக்கு உண்டு என அவர் வாதிடக்கூடும். எனவே நட்டஈடு கோருவதா, உறுதியை (விற்பனைப் பத்திரத்தை) எழுதித் தரும்படி நீதிமன்றக் கட்டளை பெறுவதா என்பதை வாங்குபவரே தெரிவு செய்யலாம் என்று தெளிவாக எழுதுவியுங்கள். ஏற்கனவே கொடுத்த 5 இலட்சத்தையும் விலையின் ஒரு பகுதியாக அதில் குறிப்பிடுங்கள்.

உரிமையாளரிடம் எடுத்துச் சொல்ல இன்னொரு விடயமும் உண்டு. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள் சட்டத்தின்படி, இலங்கைப் பிரசாவுரிமையை இழந்து கனேடியப் பிரசையாகிவிட்ட ஒருவர், இரட்டைப் பிரசாவுரிமை பெற்றிராவிட்டால், இத்தகைய காணியைப் பொதுவாகத் தம் பெயரில் வாங்க முடியாது. அவர் உள்ளூர் உறவினரின் பெயரில் வாங்க முற்படலாம். எப்படியும் அதற்குக் காலம் எடுக்கும். (அப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறாரா என்பதையும் தரகரிடம் அல்லாமல் உரிமையாளரிடமே கேளுங்கள்.)

விற்பவருக்கு 20 இலட்சத்துக்கு ஈடாக நீங்கள் கொடுக்கக்கூடியது, விற்பனை தடையின்றி முடியும் என்ற நிச்சயம் ஒன்றே. வங்கியின் கொள்கையளவிலான கடன் ஒப்புதல் கடிதத்தையும், முப்பது ஆண்டுகளுக்கான உறுதித் தேடலின் முடிவையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால், கடன் கிடைத்தால் வாங்குவேன் என்ற நிபந்தனையை நீங்கள் கைவிடலாம். கடிதம் வருமுன் அதைக் கைவிடாதீர்கள். உரித்து (சொத்தின் மீதான சட்ட உரிமை) பழுதற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எவருக்காகவும் எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் நிறைய உண்டு, அவற்றைக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான முன் அனுமதியின்றி விற்றால் அது செல்லாது. வீடு கடற்கரைக்கு அண்மையில் இருப்பின், உயர் நீர் மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டடம் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதால், அந்த ஆவணங்களையும் கேட்டுப் பாருங்கள். விற்பவர் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு) உட்பட்ட மணமான பெண்ணாயின், கணவரின் எழுத்து மூலச் சம்மதம் அவசியம்.

விலையை உறுதியில் குறைத்து எழுதினால் உங்களுக்கே விற்பதாக உரிமையாளர் சொன்னால், மறுத்துவிடுங்கள். முத்திரைத் தீர்வை சந்தைப் பெறுமதியின் மீது மதிப்பிடப்படும் என்பதோடு, பின்னாளில் உரித்தில் பழுது கண்டு பணத்தைத் திரும்பக் கோர நேர்ந்தால், எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிரூபிப்பது பெரும்பாடு.

உரிமையாளர் எதற்கும் இணங்காமல் மற்றவருக்கே விற்றால், முற்பணத்தை நியாயமற்ற செழிப்பு (நியாயமின்றிப் பிறர் பணத்தால் பயனடைதல்) என்ற அடிப்படையில் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு, விற்க மறுத்தவர் அவரே என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். அவர் விற்கத் தயாராக இருக்கையில் நீங்களே விலகினால் வழக்கு கடினமாகும். ஆதலால் பேசிய விலைக்கு வாங்க ஆயத்தமாக இருப்பதாகவும், உடன்படிக்கையில் கையொப்பமிட ஒரு திகதியைக் குறிப்பிட்டும், இந்த வாரமே அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.