லீடர் குவிந்து விழுகிறதா? அடிப்பகுதியைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. கிராண்ட் ஆற்றில் ட்ரவுட் பிடிக்க நீங்களே கட்டிய 9 அடி லீடர் (வீச்சு லைனையும் தூண்டிலையும் இணைக்கும், நுனி நோக்கி மெலியும் நரம்பு), ட்ரை ஃப்ளையோடு (நீரில் மிதக்கும் பூச்சி வடிவத் தூண்டில்) சேர்ந்து குவியலாக விழுகிறது என்கிறீர்கள். 5 வெயிட் வீச்சு லைன், அதோடு சேரும் லீடரின் தடித்த அடிப்பகுதிக்கு 20 பவுண்டு தாங்கும் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு). பவுண்டைப் பார்த்து வாங்கியதில்தான் சிக்கல் என்று தோன்றுகிறது.

அடிப்பகுதிக்கு வேண்டியது பலம் அல்ல, தடிமனும் விறைப்பும். ஒரே 20 பவுண்டு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு தடிமனில் வரும். மைக்ரோமீட்டரில் அளந்து 0.50 முதல் 0.55 மி.மீ. வரை உள்ளதை எடுங்கள். ஸ்பின்னிங் ரீலுக்கான தங்கூசியை வேண்டுமென்றே மென்மையாகச் செய்கிறார்கள். வீச்சின் விசை அதில் பாதியிலேயே செத்துவிடும். லைன் நுனியையும் தங்கூசியையும் முடிச்சுப் போட்டு, இரு பக்கமும் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஒரே வில்லாக வளைந்தால் சரி. முடிச்சருகே மடங்கினால் அது வேண்டாம்.

நான் அடிப்பகுதிக்கு மேக்ஸிமா கமீலியன் என்ற தங்கூசியைப் போடுகிறேன். சுருள் எளிதில் போகாத முரட்டு நரம்பு. விரலிடுக்கில் சூடேற உருவினால் நேராகும். 0.50, 0.45, 0.40 மி.மீ. துண்டுகள் மூன்றும் சேர்ந்து ஐந்தரை அடி வரட்டும். அப்புறம் 0.05 மி.மீ. படிகளாகக் குட்டைத் துண்டுகள். ஒருமுறை அவசரத்தில் 0.40-இலிருந்து 0.25-க்குத் தாவினேன். துண்டுகளை இணைக்கும் பிளட் நாட் முடிச்சு வழுக்கி, மீன் போயே போச்சு.

கடைசி இரண்டடிக்கு மட்டும் மென்மையான நைலான், 5எக்ஸ், அதாவது 0.15 மி.மீ. ஃபுளூரோகார்பன் வேண்டாம், அது மூழ்கும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட மறக்காதீர்கள்.