ஈ மங்கல், சுவர் மட்டும் தெளிவு

நீலகிரி டிரவுட் மீனுக்காகத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய 14-ஆம் எண் (முள்ளின் அளவு) செயற்கை ஈயைப் போனில் படம் எடுத்தால் சுவர்தான் தெளிவாக விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேமராவைக் குறை சொல்ல முடியாது. முள் அவ்வளவு மெலிசு, போன் அதைத் தாண்டிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை, வெளிர் சாம்பல் நிறமென்றால் நல்லது, ஈக்கு ஒரு சாண் பின்னால் நிறுத்துங்கள். போனை ஒட்டிக் கொண்டுபோகாமல் அரை அடி தள்ளி வைத்து, 2 மடங்கு ஜூம் செய்து, ஈயின் உடல்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், முள்தான் பளபளக்கும். ஜன்னல் வெளிச்சமும் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளும் போதும்.

ஃபேனை அணைத்துவிடுங்கள். சென்னை வெயிலில் கொடுமைதான், ஆனால் சேவல் கழுத்து இறகு லேசான காற்றுக்கே நடுங்கும். எனக்குப் பாதிப் படங்கள் அப்படித்தான் வீணாயின.

அப்புறம், உங்கள் படத்தில் நூல் முள்ளின் கண்வரை, அதாவது முனையிலுள்ள வளையம்வரை, ஏறியிருக்கிறது. அதில் தூண்டில் நரம்பு கோக்கவே முடியாது. அடுத்த ஈயில், கண்ணுக்குப் பின்னால் ஒரு கண் அகலம் காலியாக விட்டு இறகைச் சுற்றுங்கள். முடிச்சின்மேல் தடவும் வார்னிஷ் கண்ணை அடைத்தால், காய்வதற்குள் ஊசியால் குத்தி எடுத்துவிடலாம்.