மார்பகத்தைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்ன எதிர்பார்க்கலாம்?

சிலிக்கோன் பை ஒன்றை மார்பகத்துக்கோ நெஞ்சுத் தசைக்கோ அடியில் வைத்துத் தைப்பதுதான் இந்தச் சத்திரசிகிச்சை. முழு மயக்கத்தில் 1 முதல் 2 மணி நேரம் பிடிக்கும். அப்புறம் சில நாள் நெஞ்சு இறுகி வலிக்கும். தசைக்கு அடியில் வைத்தால் வலி கூடுதல். இழுபட்ட தசை பழக வேண்டுமே! மேசை வேலை என்றால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் போகலாம். ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுப்பவருக்குக் கதை வேறு. கை நீட்டிப் பறிப்பது அந்தத் தசையைத்தான் இழுக்கும், கூடையின் பாரமும் சேரும். 4 முதல் 6 வாரம் மலைக்குப் போகாதீர்கள்.

மரத்தில் கட்டிய கம்பியைச் சுற்றிப் பட்டை வளர்வது போல, உடலும் பையைச் சுற்றித் தழும்புத் திசு வளர்க்கும். அது இயல்பு. அளவுக்கு மீறி இறுகி மார்பு கல்லானால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பிற்காலத்தில் மாற்றவோ எடுக்கவோ நேரலாம்.