எந்தப் பாட்டிக்கும் பொருந்துகிற மூன்று வரிகள்

கேள்வி: என் பாட்டி காலமாகிப் பத்து மாதங்கள் ஆகின்றன. ஒரு சின்ன ஊரிலேயே வாழ்ந்து முடித்தவர். அவரைப் பற்றி ஒரு சிறு தொகுப்பு எழுதித் தரும்படி வீட்டில் கேட்கிறார்கள். உட்கார்ந்தால், ‘அன்பே உருவானவர், கடும் உழைப்பாளி, யாரையும் கடிந்து பேசாதவர்’ என்ற மூன்று வரிகளோடு நின்றுவிடுகிறது. பாட்டி தன் தங்கையோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்தார். அதை எழுதக் கூடாது என்கிறார் அம்மா. இதற்கிடையே பாட்டியின் குரலே எனக்கு மறந்துகொண்டு வருகிறது. குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்: அந்த மூன்று வரிகளில் முதல் இரண்டும் என் பாட்டிக்கும் பொருந்தும். மூன்றாவது பொருந்தாது, கடிந்து பேசுவதில் அவர் கெட்டிக்காரர்.

குணத்தை விட்டுவிட்டுக் கைகளை நினைத்துப் பாருங்கள். என் பாட்டி ஊசியில் நூல் கோக்க யாரையும் விடமாட்டார். நூல் நுனியை நாக்கில் நனைத்து, விரல்களுக்கிடையே திருகி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். ஏழெட்டு முறை தவறும். “கொடுங்கள் பாட்டி” என்று கை நீட்டினால் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பிடிவாதக்காரர் என்று நான் பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த முதுகுக்கு ஈடாகாது. உங்கள் பாட்டி கதவைப் பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பாரா? கணக்கை எதில் குறித்து வைத்தார்? பொய் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பார்?

குரல் மறப்பதற்குக் குற்ற உணர்வு வேண்டாம். 1877-இல் எடிசன் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கும்வரை, போனவர்களின் குரலைத் திரும்பக் கேட்க யாருக்கும் வழியே இருந்ததில்லை. உங்களுக்கு இருக்கிறது. உறவினர்களின் கைபேசிகளைத் தேடச் சொல்லுங்கள். யாரோ ஒரு குழந்தையை எடுத்த வீடியோவில், படத்துக்கு வெளியே இருந்து பாட்டி யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார். அவர்கள் கைபேசியை மாற்றுவதற்குள் கேட்டு வாங்குங்கள். தரம் குறையாத மூலப்பதிவையே கேளுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், அவர் உங்களை எப்படி அழைப்பார் என்பதை, எந்த எழுத்தை இழுப்பாரோ அந்த இழுப்போடு இன்றைக்கே எழுதி வையுங்கள்.

அடுத்து, மற்றவர்களிடம் கேட்பது. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். உரக்கப் பேசுகிறவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும். உளவியலாளர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத ஒரு கதையைப் படித்தவர்கள் அதைத் திருப்பிச் சொன்னபோது விளங்காத பகுதிகளை விட்டுவிட்டார்கள், மற்றதைத் தமக்குத் தெரிந்த உலகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மாமாவும் சித்தியும் அப்படித்தான் செய்வார்கள், நீங்களும்தான். ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் தீர்ப்புச் சொல்லாமல், யார் சொன்னது என்று குறித்து இரண்டையும் எழுதுங்கள். பாட்டியின் வயதை ஒட்டியவர்களிடம் முதலில் போங்கள். பேரப்பிள்ளைகள் பார்த்தது அவர் வாழ்க்கையின் பின்பகுதியை மட்டும்தானே? போகும்போது பழைய புகைப்படங்களையும் கொண்டுபோய், அவர்கள் சொல்லும் பெயர்களைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவிடலாம்.

தங்கை விஷயத்தில் நான் பாதி உங்கள் அம்மாவின் பக்கம். போனவர் அவருக்குத் தாய்; அந்தச் சண்டையில் அவருக்கும் ஏதோ வலி இருக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் ‘யாரையும் கடிந்து பேசாதவர்’ என்ற வரியையும் அடித்துவிட வேண்டும். சொல்லாமல் விடுவது வேறு, மாற்றிச் சொல்வது வேறு.

அந்தத் தங்கை இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். சிறுமிகளாக இருந்தபோது சுவர்ப் பக்கம் யார் படுப்பார்கள் என்று மட்டும் கேளுங்கள்.