முதலாண்டு இயற்பியலே கடினமாக இருக்கிறது, அதையே முதன்மைப் பாடமாக எடுக்கலாமா?

இயற்பியல் பிடிக்கும், ஆனால் கல்லூரியின் அறிமுகப் பாடங்களிலேயே மதிப்பெண் குறைகிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எங்கே இடறுகிறீர்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

பலர் இடறுவது இயற்பியலில் அல்ல, கணிதத்தில். பள்ளியில் 'விசை = நிறை × முடுக்கம்' என்பது எண்களைப் போட்டு விடை எடுக்கும் சூத்திரம். கல்லூரியில் அதே வரி வகைக்கெழுச் சமன்பாடாகிவிடுகிறது, அதாவது ஒன்று மாறும் வேகத்தை வைத்து அதையே கண்டுபிடிக்கும் சமன்பாடு. நுண்கணிதம் (கால்குலஸ்) கைக்குப் பழகாதவரை, பொருள்களின் அசைவைப் படிக்கும் இயக்கவியலே புரியாதது போலத் தோன்றும். திசையன்களையும் தொகையீட்டையும் தனியாக உட்கார்ந்து பழகுங்கள், பாரம் நன்றாகக் குறையும்.

அப்புறம், முதலாண்டில் வரும் சுருள்வில் கணக்கு, அதாவது வில்லில் கட்டிய எடை முன்னும் பின்னும் ஆடும் கணக்கு, வெறும் பயிற்சிக்கானது அல்ல. அதே கணக்கு மின்சுற்றில் திரும்ப வரும், அணு அளவிலான உலகை விளக்கும் குவாண்டம் இயக்கவியலில் வரும், திடப்பொருளில் அணுக்கள் அதிர்வதைப் படிக்கும்போதும் வரும். முதல் முறை புரியாதது மூன்றாவது முறை சந்திக்கும்போது தெளிவாகலாம். அதனால்தான் முதல் பருவத்தை வைத்து உங்களை எடைபோட வேண்டாம் என்கிறேன்.

விடை வந்த பிறகும் 'ஏன் இப்படி?' என்று மனம் அரிக்கிறதா? அப்படியென்றால் எடுங்கள். கருந்துளைகளைப் பற்றிக் கேட்கப் பிடிக்கிறது, கணக்குப் போட மட்டும் மனமே வரவில்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். முடிந்தால் நவீன இயற்பியலும் (சார்பியல், குவாண்டம் போன்றவை) ஒரு ஆய்வகப் பாடமும் படித்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை கற்ற கணிதம், பொறியியலுக்கோ கணினி அறிவியலுக்கோ மாறினாலும் கைகொடுக்கும்.